முடிவுரை இல்லாத ஐந்து விடைகள்

மணி அடித்தபோது என் பேனா ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கல்லூரியின் மாடி வகுப்பறையில் மாதிரித் தேர்வு. மின்விசிறியின் காற்றில் விடைத்தாள்களின் ஓரங்கள் எழுந்து எழுந்து படிந்தன. வாசுகி மேடம் வரிசையாக வந்து தாள்களை வாங்கினார். என் தாளை வாங்கியவர் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வரிசையில் இருந்த ரோஸ்லின் அக்காவின் தாளையும் அவ்வாறே புரட்டினார். அக்காவுக்குப் பின்னால் இருந்தவருடையதையும்.

"என்னம்மா இது?" என்றார், யாரையும் குறிப்பாகக் கேட்காமல். "எல்லாரும் எல்லாத்தையும் பாதியில நிறுத்தியிருக்கீங்க?"

உண்மைதான். கேட்கப்பட்டிருந்தவை ஐந்து கட்டுரை வினாக்கள். ஐந்துக்கும் நான் முன்னுரை எழுதியிருந்தேன். ஐந்துக்கும் நடுப்பகுதி தொடங்கியிருந்தேன். ஒன்றுக்குக்கூட முடிவுரை இல்லை. வகுப்பில் ஏறத்தாழ எல்லோருடைய தாளும் அப்படியே இருந்தது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அப்படி எழுதச் சொல்லி ஒருவரும் கற்றுத் தரவுமில்லை.

மேடம் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியில் இறங்கும்போது ரோஸ்லின் அக்கா என் காதில் சொன்னார்: "ஏட்டி, இவ்வளவு வேகமா எழுதியும் முடியலியே. இன்னும் எவ்வளவு வேகமாத்தான் எழுதணும்?"

நடுவில் விட்டுப்போன ஓர் ஆண்டு

சென்ற வாரம் இந்தத் தொடரில் பனியன் கம்பெனியில் என் முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'பத்தாம் வகுப்போடு நின்றவர் இப்போது எம்.ஏ. இலக்கியம் படிக்கிறார் என்று போட்டிருக்கிறதே, நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது' என்று கேட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு வணக்கம். விட்டுப்போனதில் முதன்மையானது ஓர் ஆண்டு. அதன் பெயர் கலைப் பட்டயம்.

எங்கள் கம்பெனி வாசலில், வருகை அட்டைகளைச் செருகிவைக்கும் பலகைக்குப் பக்கத்தில், யாரோ ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் வழக்கமாக 'ஓவர்லாக் டெய்லர் தேவை', 'செக்கிங் பெண்கள் தேவை' என்ற தாள்கள்தாம் ஒட்டப்படும். இதையும் அவற்றுள் ஒன்று என்று நினைத்து நான் கடந்து போய்விட்டேன். என்னைத் திரும்ப அழைத்தவர் ரோஸ்லின் அக்கா.

ரோஸ்லின் அக்கா ஓவர்லாக் தையல்காரர். நான் அவருடைய மெஷினில் கைமடி. அதாவது தைக்கவேண்டிய துண்டுகளை எடுத்துக் கொடுப்பவள், தைத்து வந்ததைக் கத்தரித்து அடுக்குபவள். அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து கணவரோடும் மகளோடும் திருப்பூருக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எட்டு மணி நேரம் பேசாமல் இருக்க என்னால் முடியும். எட்டு நிமிடம் அவரால் முடியாது. அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

"ஏட்டி கோகிலா, இங்க வா. இத நீ வாசி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, நம்பிக்கைதான் வரமாட்டேங்கு."

வாசித்தேன். பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக் கலைப் பட்டயம். ஞாயிறுதோறும் வகுப்பு. முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறுகிறவர்கள் அதே கல்லூரியின் பி.ஏ. வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.

கடைசி வாக்கியத்தை மறுபடியும் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் 'பி.ஏ.' என்பது கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்து. அந்த எழுத்துக்குப் போக ஒரே வழி பன்னிரண்டாம் வகுப்பு என்றும், அந்த வழி எனக்கு அடைபட்டுவிட்டது என்றும் நான் முடிவுகட்டியிருந்தேன். பக்கத்துச் சுவரிலேயே இன்னொரு கதவு இருந்திருக்கிறது. தாழ்கூடப் போடாமல்.

பின்னால் வந்து நின்ற கட்டிங் மாஸ்டர் ஈஸ்வரன் அண்ணன் அறிவிப்பை எட்டிப் பார்த்தார். கம்பெனியில் யாரையும் அவர் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. "பட்டயமுங்களா? செப்புப் பட்டயமா குடுப்பாங்க? அப்பிடின்னா வாங்கி வெச்சுக்கங்க. பழைய இரும்புக் கடையில நல்ல வெல போகுது."

"உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தாரேன் அண்ணாச்சி, கழுத்துல மாட்டிக்கிடுங்க" என்றார் ரோஸ்லின் அக்கா.

அப்பாவின் நகங்கள்

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. நான் பத்தாம் வகுப்பு எழுதிய கோடையில் கிணறு வற்றியது. ஆழப்படுத்தினார்கள், பாறை வந்தது. அடுத்த பருவத்துக்குள் நாங்கள் திருப்பூருக்கு வந்துவிட்டோம். அப்பா சாயப்பட்டறைக்குப் போனார். நான் கம்பெனிக்குப் போனேன். இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு இடமில்லை. பாறை வந்தது, அவ்வளவுதான்.

அப்பாவின் நகங்களைப் பார்த்தால் அந்த வாரம் ஊரிலிருந்து எந்த நிறம் கப்பலேறுகிறது என்று சொல்லிவிடலாம். சில வாரம் கருநீலம். சில வாரம் அரக்கு. நொய்யல் ஆற்றிலும் அதே நிறம் ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு மிஞ்சும். அந்தக் கோடு மறையும் முன் அடுத்த நிறம் வந்து ஏறும்.

அறிவிப்பைப் பற்றி நான் சொன்ன அன்று அவர் நகங்கள் பச்சையாக இருந்தன. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.  நாங்கள் இருவரும் பேச்சுக்குறைந்தவர்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். அன்று அம்மாவும் பேசவில்லை.

கடைசியில் அப்பா சொன்னார்: "ஒரு வருசம் பாரு கண்ணு. ஒரே தடவைல எல்லாம் பாசாயிட்டீன்னா, அப்பறம் கம்பெனி வேண்டாம், காலேசுக்கே போயிரு. நான் பாத்துக்கறன். ஒண்ணு போச்சுன்னாலும் அதோட சரி. மறுக்கா மறுக்கா எழுதறன்னு சொல்லப்படாது. ஆமா, சொல்லிப்போட்டன்."

"சரிங்கப்பா" என்றேன்.

கல்லூரியின் விதியும் அப்பாவின் விதியும் ஒன்றாகவே இருந்தன. ஒரே முயற்சி. அதனால்தான் மாதிரித் தேர்வில் அந்த மணி அடித்தபோது, சொல்லின் நடுவில் நின்ற பேனாவை மூட எனக்கு மனம் வரவில்லை.

கைகளின் தோரணம்

அடுத்த ஞாயிறு மேடம் திருத்திய தாள்களைக் கொண்டுவந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். எங்கள் ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வயதில் ரோஸ்லின் அக்காவைவிடச் சிறியவர். கோபப்படத் தெரியாதவர். அன்று கோபப்பட முயன்று தோற்றார்.

"முன்னுரை எல்லாம் நல்லாருக்கு. ஒவ்வொருத்தரும் அஞ்சு முன்னுரை. எதுவுமே முடியல. யார் உங்களுக்கு இப்படி எழுதச் சொன்னது?"

எங்களில் ஏறத்தாழ எல்லோரும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஞாயிறானாலும் எங்கள் தலைமுடியில் சனிக்கிழமையின் பஞ்சுத் துகள் மிச்சமிருக்கும். வெளிச்சத்தில் எல்லோர் தலையும் இலேசாக நரைத்ததுபோல் தெரியும். அந்த நரையோடு எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்படித்தானே மேடம் சீக்கிரம் முடியும்?" என்றார் ரோஸ்லின் அக்கா.

"எப்படி?"

"மொதல்ல எல்லாத்துக்கும் தொடக்கம். அப்புறம் எல்லாத்துக்கும் நடு. அப்புறம் எல்லாத்துக்கும் முடிவு. ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டிருந்தா விடிஞ்சிராதா?"

மேடத்துக்கு விளங்கவில்லை. வாசகர்களில் பலருக்கும் விளங்காமல் இருக்கலாம். ஆகவே எங்கள் வேலையைச் சிறிது சொல்லவேண்டும்.

பனியன் கம்பெனியில் ஒருவர் ஒரு சட்டையைத் தைப்பதில்லை. ஒருவர் தோளை மட்டும் இணைப்பார். ஒருவர் கழுத்துப்பட்டியை மட்டும் வைப்பார். ரோஸ்லின் அக்கா கையை மட்டும் உடலோடு சேர்ப்பார். காலையில் உட்கார்ந்தால், கட்டுக்கட்டாக வருகிற எல்லா உடல்களுக்கும் கை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூலை அறுப்பதில்லை. அறுத்தால் நேரம் போகும். நூலில் கோத்தபடியே சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குப் பின்னால் வந்து விழும், கைகளால் ஆன தோரணம்போல. நான் அவற்றைக் கத்தரித்து அடுக்குவேன். கட்டு நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போகும். அடி மடித்துத் தைத்த பிறகு அந்தச் சட்டை எப்படி இருந்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

நான்கு ஆண்டுகளாக என் கை அறிந்த ஒரே ஒழுங்கு அது. வினாத்தாளில் ஐந்து வினாக்களைக் கண்டதும் கை தானாகவே கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டது.

ஆனால் துணி எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. எழுத்து வைத்திருக்க வேண்டும். முதல் சுற்றில் சூடாகத் தொடங்கிய எண்ணம், இரண்டாம் சுற்றில் நான் திரும்பி வரும்போது ஆறிப்போயிருந்தது. ஒவ்வொரு வினாவையும் புதிதாகப் படித்து, என் முன்னுரையை வேறு யாரோ எழுதியதுபோல் படித்து, மறுபடி மூட்டவேண்டியிருந்தது. நேரம் போனது அங்கேதான்.

வகுப்பில் ஒருவர் மட்டும் மூன்று விடைகளை முழுமையாக எழுதித் தேறியிருந்தார். அவர் அயர்னிங் வேலை செய்பவர். "ஒண்ணத் தேச்சு மடிச்சு வெச்சாத்தானுங்க மேடம் அடுத்தத எடுக்க முடியும். பாதி தேச்சு வெச்சா கசங்கிப் போயிருமுங்க" என்றார், வெட்கத்தோடு. வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். பிறகு திடீரென்று கேட்டார்:

"ஒரு ஆளே ஒரு முழுச் சட்டையத் தைச்சா எவ்வளவு நேரம் ஆகும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோள்காரருக்குத் தெரியவில்லை. கழுத்துக்காரருக்குத் தெரியவில்லை.

"தெரியாதுங்க மேடம்" என்றேன் நான். அந்த வகுப்பில் நான் கேட்கப்படாமல் பேசிய முதல் வாக்கியம் அது. "நாங்க யாரும் தெச்சுப் பாத்ததில்லைங்க."

மேடம் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.  "சரி, இனிமே ஒரு கேள்விய முடிக்காம அடுத்ததத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பக்கங்கள்

சொல்வது எளிது. அந்த வாரம் தினமும் ஒரு வினாவுக்கு விடை எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. நேரம் இருந்தாலும் எனக்கு முடிக்கத் தெரியவில்லை. நடுப்பகுதியின் கடைசி வரிக்கு வந்ததும், துணி தீர்ந்துபோன மெஷின்போல வெறுமனே ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் பிறகு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பட்டய மாணவர்கள் எடுத்துச் செல்ல முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். அதற்கு முன் நான் பார்த்திருந்த மிகப் பெரிய புத்தக அடுக்கு எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரின் அறையில் இருந்த பீரோ. இங்கே பீரோக்கள் தெருக்களைப்போல நீண்டு கிடந்தன. நடுவில் நின்றபோது எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல. பெரிய கோவிலின் உள்மண்டபத்தில், தூண்களுக்கு நடுவே, நம் காலடி ஓசை நமக்கே பெரிதாகக் கேட்குமே, அந்த உணர்வு.

நான் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். படித்தேன். மூடி வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். அதன் கடைசிப் பக்கம். அன்றும் அதற்குப் பின் வந்த ஞாயிறுகளிலும் நான் முடிவுகளை மட்டுமே படித்தேன். யார் யாரோ எழுதிய கட்டுரைகள், கதைகள், ஆராய்ச்சிகள். என்ன கேட்டார்கள், எங்கே தொடங்கினார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. எல்லோரும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தார்கள்.

சிலர் கதவைச் சாத்துவதுபோல முடித்திருந்தார்கள். சிலர் தொடங்கிய இடத்தையே மறுபடி பார்த்துவிட்டு, இம்முறை அங்கே வேறு எதையோ கண்டவர்போல நின்றிருந்தார்கள். ஒருவர் முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அது முடிவுதான் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. எப்படி அது முடிவாயிற்று என்று அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 

நூலகர் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, எதாச்சும் வெச்சுட்டுத் தேடறயா? ஒவ்வொரு புஸ்தகத்தயும் பின்னாலயே தொறக்கற?"

"முடிவு பாக்கறேனுங்க."

"கதையோட முடிவத் தெரிஞ்சுக்கிட்டுப் போறதுக்கா காலேசுக்கு வர்றீங்க? நல்லாத்தான் இருக்குது போ" என்று சொல்லிவிட்டு, விளக்கை எனக்காக இன்னும் சிறிது நேரம் எரியவிட்டார்.

ஒரு கை சிவப்பு, ஒரு கை வெள்ளை

மேடத்தின் கேள்வி ரோஸ்லின் அக்காவைவிட்டுப் போகவே இல்லை. மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று, "ஏட்டி, ஒரு அரை மணி நேரம் ஆகுமா?" என்பார். "எதுக்குங்கக்கா?" என்றால், "சட்டைக்கு" என்பார்.

ஒரு மதியம் வாய்ப்பு வந்தது. ஓர் ஆர்டர் முடிந்துவிட்டது. அடுத்த ஆர்டரின் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்து சேரவில்லை. மெஷின்கள் நின்றன. மெஷின் ஓசை நின்றதும் கம்பெனியில் ஒரு விசித்திரமான அமைதி வரும். அவரவர் குரல் அவரவருக்கே அந்நியமாகக் கேட்கும். அந்த அமைதியில் அக்கா எழுந்து கட்டிங் மேசைக்குப் போனார்.

"அண்ணாச்சி, கழிச்சுப்போட்ட துண்டு இருந்தாத் தாங்க. ஒரு சட்டை தைக்கப் போறேன்."

"யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"ஏனுங், இந்தக் கம்பெனியில சும்மா தெக்கறது ஒண்ணுதான் பாக்கியிருந்துச்சு" என்றார் ஈஸ்வரன் அண்ணன். ஆனாலும் மேசைக்கடியில் குனிந்து துழாவினார். முன்பக்கம் சாம்பல் நிறத்தில் கிடைத்தது. பின்பக்கம் கருநீலத்தில். ஒரு கை சிவப்பு, ஒரு கை வெள்ளை. அளவுகளும் ஒத்துவரவில்லை.

அக்கா தோள் இணைக்கும் மெஷினில் போய் உட்கார்ந்தார். அந்த மெஷின்காரர், "குடுங்கக்கா, நான் ஒரு நிமிசத்துல போட்டுத் தர்றன்" என்றார்.

"ஒருத்தரும் தொடப்படாது" என்றார் அக்கா.

தோள் சேர்ந்தது. துண்டைக் கீழே வைக்காமல் எழுந்து கழுத்துப்பட்டி மெஷினுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கைமடிக்கு வேறு இடம் ஏது. கழுத்து சேர்ந்ததும் அந்தத் துணியில் ஒரு தலை நுழையும் இடம் உண்டாயிற்று. பிறகு எங்கள் மெஷின், கைகள். பிறகு பக்கங்கள். அடி மடிக்கும் மெஷினில் அக்காவுக்குப் பழக்கமில்லை. அதை ஓட்டும் வடநாட்டுப் பையன் அருகில் நின்று, "தீரே, தீரே, தீதி" என்று காற்றில் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். மெதுவாக அக்கா என்றுதான் சொல்கிறான் என்று எல்லோருக்கும் விளங்கியது. தையல் நெளிந்து நெளிந்து போயிற்று. வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் இடத்தைவிட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

அக்கா கடைசி நூலைத் தானே கத்தரித்தார். உள்புறம் வெளியாகக் கிடந்ததைப் பற்றிப் புரட்டி ஓர் உதறு உதறினார்.

அங்கே ஒரு சட்டை இருந்தது.

சற்று முன்புவரை அது இல்லை. எங்கள் கைவழியே சட்டைகள் ஆறாக ஓடியிருக்கின்றன. ஆனால் ஒன்று உண்டாகும் கணத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை.  அடி தைக்கும் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். எனக்குக் கண் எரிந்தது. பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

முதலில் பேசியவர் ஈஸ்வரன் அண்ணன்தான். "கச்சிக் கொடியாட்ட இருக்குதுங்க. தேர்தலுக்கு நிக்கறீங்களா?" என்றார். ஆனால் சட்டையை வாங்கி, தோள் தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மிக மெதுவாகத் திருப்பித் தந்தார்.

மெஷினுக்குத் திரும்பியபோது அக்கா சொன்னார்: "பாத்தியாட்டி? நான் அதக் கீழ வைக்கவே இல்ல. வச்சிருந்தேன்னா எந்தத் துண்டு எதுக்குன்னு மறந்தே போயிருக்கும். கையிலேயே இருந்துச்சு, அதுபாட்டுக்கு வந்துட்டு."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மணிக்கு முன்பு

தேர்வு வந்தது. அதே மாடி, அதே மின்விசிறி. வினாத்தாளைப் பிரித்ததும் என் கை மறுபடியும் எல்லா வினாக்களுக்கும் ஓடப் பார்த்தது. பழகிய கையை அறிவுரையால் நிறுத்த முடியாது. ஆகவே இடது உள்ளங்கையால் மற்ற வினாக்களை மூடிக்கொண்டேன். ஒரு வினா மட்டும் தெரிந்தது. அதைக் கையில் எடுத்தேன், கீழே வைக்கவில்லை.

அதன் முடிவுரைக்கு வந்தபோது நூலகத்தின் கடைசிப் பக்கங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவை வேண்டியும் இருக்கவில்லை. நான் எங்கே தொடங்கினேன் என்பது எனக்கு இன்னும் சூடாக நினைவிருந்தது. அது போதுமானதாக இருந்தது. கடைசி வாக்கியத்தை எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அக்காவின் சட்டையைப்போல, உதறினால் அதுவும் முழுதாக நிற்கும் என்று தோன்றியது. பிறகுதான் கையை ஒரு வினா கீழே நகர்த்தினேன்.

ஐந்தாவது வினாவுக்கு நேரம் குறைவாகவே இருந்தது. அந்த விடை கைக்குழந்தையின் சட்டைபோலச் சின்னதாக அமைந்தது. ஆனால் கழுத்தும் கையும் அடியும் அதற்கும் இருந்தன. முற்றுப்புள்ளி வைத்து நிமிர்ந்தேன். மணி இன்னும் அடிக்கவில்லை. அடுத்த வரிசையில் ரோஸ்லின் அக்கா பேனாவை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் வெறுமையாக விரித்து வைத்திருந்தார். அந்தக் கைகள் வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

தாள்கள் எல்லாவற்றிலும் நான் தேறினேன். அக்காவுக்கு ஆங்கிலம் போய்விட்டது.

முடிவு ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காதான் சொன்னார்: "ஒரு பீஸ் டேமேஜ். பிரிச்சுத் தச்சாப் போச்சு. அதுக்கு ஏன்ளா நீ மொகத்த இப்படி வச்சிருக்க?" சொல்லிவிட்டு வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அரையாண்டு கழித்து எழுதித் தேறினார். இப்போது அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறார். ஆனாலும் பகல் கல்லூரியின் இடம் முதல் முயற்சிக்கு உரியது. அதை அன்று நாங்கள் இருவரும் பேசவில்லை.

அப்பா வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நகங்கள் கருஞ்சிவப்பு.

"எல்லாமா?" என்றார்.

"எல்லாமுங்கப்பா."

செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அப்பறம் எதுக்கு நிக்கற கண்ணு? காலேசுக்குப் போட்டுக்கத் துணி இருக்குதான்னு பாரு" என்றார்.

ஒரு வரி

பி.ஏ. முதல் நாள், முதல் மணி. வெள்ளை வேட்டியோடு ஒரு பேராசிரியர் வந்தார். பழைய பாட்டு ஒன்றின் முதல் வரியைக் கரும்பலகையில் எழுதினார். நான் குறிப்பேட்டைத் திறந்து, பாட்டு முழுவதும் அந்த மணிக்குள் முடிந்துவிடும் என்று பக்கத்தை அதற்கேற்பப் பிரித்துவைத்துக்கொண்டேன்.

அவர் முதல் சொல்லைப் பற்றிப் பேசினார். அந்தச் சொல் எந்த மண்ணிலிருந்து வந்தது, பாட்டுக்குள் யாருடைய வாயில் இருக்கிறது, ஏன் இந்த இடத்தில் நிற்கிறது. இரண்டாம் சொல்லுக்கு வந்தார். முதல் சொல்லுக்குத் திரும்பிப் போனார். சன்னலுக்கு வெளியே வேனில் வெயில். யாரும் எதையும் கட்டுப் பிரிக்கவில்லை, யாரும் எதையும் அடுக்கவில்லை. கரும்பலகையில் அந்த ஒரு வரி மட்டும், பார்க்கப் பார்க்க, அகன்றுகொண்டே போயிற்று.

மணி அடித்தது. நான் திடுக்கிட்டேன். வரி முடியவில்லை.

"மீதி நாளைக்குப் பார்ப்போம்" என்றார் பேராசிரியர். புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். பதறியவள் வகுப்பில் நான் ஒருத்திதான். முடிக்கக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்த இடத்தில், முடியாமல் விட்டுவைக்கும் அளவுக்குப் பெரியவையும் இருக்கின்றன என்பதை நான் அன்றுதான் கண்டேன். 

அன்று மாலை ஐந்து மணி டீக்குக் கம்பெனி எதிரே இருந்த கடைக்குப் போய் நின்றேன். ரோஸ்லின் அக்கா தலையில் பஞ்சோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் பன்.

"என்ன படிச்ச? சொல்லு."

"ஒரு வரிங்கக்கா."

"ஒரு பாடமா?"

"இல்லீங்க. ஒரே ஒரு வரி. ஒரு மணி நேரம் நடத்துனாங்க. அதும் முடியலைங்க. மீதி நாளைக்கு."

அக்கா பன்னைக் கடிக்காமல் நிறுத்தினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்கள் கம்பெனிச் சுவரின்மேல் எங்கோ நின்றன.

"ஒரு வரிக்கு ஒரு நாள் பத்தலியா?" என்றார், மெல்ல. "அப்ப அது ரொம்பப் பெரிய சைசாத்தான் இருக்கும்ளா."

உள்ளே மணி அடித்தது. கிளாசைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, மிச்சப் பன்னை வாயில் திணித்துக்கொண்டு அக்கா சாலையைக் கடந்தார். வாசலுக்குள் நுழையப்போனவர் திரும்பி, லாரிகளின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்:

"ஏட்டி, மிச்சத்தையும் நாளைக்கு வந்து சொல்லணும். பாதியில விட்டுராத, ஆமா!"